எட்டு பார் தம்பி

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவில் ஒரு சுவர். ஒன்பது அங்குலம் என்று கட்டிக் கொடுத்தவர் சொன்னார். நாலரைதான் இருக்கும் என்பது பதினாலு மாதமாக அந்தச் சுவரைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்னுடைய கணிப்பு. ராத்திரி ஒன்பதரை ஆனால் அது பேச ஆரம்பிக்கும். டும். டும். டும். டும். அதற்குமேல் அதற்கு வார்த்தை தெரியாது.

முதல் வாரம் யாரோ மிளகாய் இடிக்கிறார்கள் என்று நினைத்தோம். இரண்டாம் வாரம், இவ்வளவு மிளகாய் சாப்பிடுகிற குடும்பம் பிழைத்திருக்க முடியாது என்று தோன்றியது. கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 128. மறுநாள் லிஃப்டில் பக்கத்து வீட்டுத் தம்பியைப் பிடித்துக் கொஞ்சம் காரமாகவே கேட்டேன். "ஏம்ப்பா, நிமிஷத்துக்கு நூத்தியிருபத்தெட்டு இடி இறங்குது எங்க ஹால்ல. என்னதான் பண்றே?"

அசடு வழிவான் என்று பார்த்தால் முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்டா எண்ணிட்டீங்களே அங்கிள்! 128 பிபிஎம். ஹவுஸ் மியூசிக்."

அவன் இசையை அதுவரை யாரும் அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை போலிருக்கிறது. அன்று முதல் நான் அவனுடைய ரசிகன். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

இவன் எங்கள் குடியிருப்புக்கு மட்டும் வாய்த்தவன் இல்லை. தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். என் காலத்தில் தெருவுக்கு ஒரு கவிஞர், ஐந்தாவது தடவை சி.ஏ. எழுதுகிறவர் ஒருவர், மொட்டைமாடி கிதார்க்காரர் ஒருவர் என்று இருந்தார்கள். இப்போது அந்த மூன்று பேருக்கும் வாரிசாக வந்திருப்பவன், கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் எலெக்ட்ரானிக் இசை செய்கிற இந்தத் தம்பி. தன்னைப் 'புரொட்யூசர்' என்று சொல்லிக்கொள்வான். கோடம்பாக்கத்தில் புரொட்யூசர் என்றால் பணம் போடுகிறவர். இவன் அப்பா போடுகிற பணத்தில் புரொட்யூசர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கழுத்தில் ருத்ராட்சம் போல ஹெட்போன் கிடக்கும், குளிக்கும்போது மட்டும் கழற்றுவான். மே மாதத்திலும் அறையில் ஃபேன் ஓடாது, சத்தம் மைக்கில் விழுமாம். அறையிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீம் பாத் எடுத்த கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பான். "என்னடா பண்றே?" என்று உறவினர்கள் கேட்டால் அவன் அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்." ஐ.டி. என்று எடுத்துக்கொண்டு அவர்களும் திருப்தியாகக் காபி குடிப்பார்கள். யாராவது விவரம் தெரிந்தவர் இருந்துவிட்டால்தான் சிக்கல். "ஓ, கீபோர்டா? எங்க பொண்ணு ரிசப்ஷனுக்கு வாசிப்பியா?" என்பார். தம்பிக்குக் கீபோர்ட் வாசிக்கத் தெரியாது. மவுஸ் வாசிப்பான்.

ஒரு நாள் காலை அந்த அம்மா என் மனைவியிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ராத்திரி பதினொன்றரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். உள்ளேயிருந்து பதில்: "எட்டு பார் முடிச்சிட்டேம்மா. ஒன்பதாவது பார்தான் கைக்கு வரமாட்டேங்குது."

"எங்க குடும்பத்துல ஒரு பாருக்குக்கூட யாரும் போனதில்லீங்க," என்றார் அம்மா.

நான் போய் விளக்கினேன். பார் என்றால் தாளக் கணக்கு, நம்ம ஆவர்த்தனம் மாதிரி. நாலு அடி ஒரு பார். எட்டு பார் என்றால் முப்பத்திரண்டு அடி. 128 வேகத்தில் அது சரியாக 15 விநாடி. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் விரல் மடக்கி யோசித்தார். "அப்படின்னா பத்து மாசமா இவன் பண்ணினது பதினஞ்சு செகண்டா?" என்றார். உயிர் மறுபடியும் போய்விட்டது.

இந்த இசையில் எது கஷ்டம் என்று வெளியாளைக் கேட்டால் ராகம், கற்பனை, ஞானம் என்பார்கள். அந்த எட்டு பாரில் இதெல்லாம் முதல் நாளே வந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரத்தில் செய்தானாம். அபாரமாக இருந்தது என்று அவனே சொல்கிறான். அதுதான் வினை. அபாரமாக இருந்ததால் திரும்பக் கேட்டான். லூப்பில் போட்டால் பதினைந்து விநாடி முடிந்ததும் தானே முதலுக்கு வரும். மறுபடி கேட்டான். நானூறாவது தடவை கேட்கும்போது அதற்குப் பின்னால் வேறொன்று வர முடியும் என்ற நினைப்பே காதிலிருந்து அழிந்துவிடுகிறது. செக்குமாட்டுக்கு நேர்ச்சாலை காட்டினால் என்ன செய்யும்?

ஒன்பதாவது பாருக்குப் போக வழி தெரியாதபோது முதல் எட்டைச் சீர்திருத்துவது என்று இறங்குகிறான். முதலில் கிக், அதாவது என் டும். அவனுடைய ஹார்ட் டிஸ்கில் நாலாயிரம் டும்கள் இருக்கின்றன. முகூர்த்தப் புடவை எடுக்கிற மாதிரி ஒன்றொன்றாக விரித்துப் பார்க்கிறான். இது வறட்டு டும், இது ஈர டும், இதற்கு வால் நீளம். இருநூறு தாண்டினால் எல்லாம் ஒரே டும்மாகக் கேட்கும். மூன்றாம் நாள் முதலில் எடுத்ததையே வைத்துவிட்டு எழுந்து வருகிறான். புடவைக் கடையிலும் அதுதான் நடக்கிறது. ஆனால் அங்கே கடை மூடும் நேரம் என்று ஒன்று உண்டு.

டும் அமைந்தால் பேஸ் சண்டைக்கு வரும். இரண்டும் ஒலியின் ஒரே அடிவாரத்தில் குடியிருப்பவை. சேர்ந்து ஒலித்தால் இரண்டுமே சேறாகிவிடும். அதற்கு சைட்செயின் என்று ஒரு ஏற்பாடு: கிக் விழும்போதெல்லாம் பேஸ் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அது போனதும் நிமிர வேண்டும். மாப்பிள்ளை வரும்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற மச்சினன் மாதிரி. எத்தனை மில்லி விநாடியில் எழுந்திருக்க வேண்டும், எத்தனையில் உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு வாரம். பிறகு தாளத்தைக் கட்டத்துக்குள் நூல் பிடித்த மாதிரி அடுக்குகிறான். அடுக்கி முடித்ததும், மெஷின் மாதிரி இருக்கிறது, உயிர் இல்லை என்று ஒவ்வொரு அடியையும் மயிரிழை முன்னே பின்னே தள்ளுகிறான். அவன் அப்பா ஒரு நாள் பின்னால் நின்று இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "மூணு மணி நேரம் சரி பண்ணினான் சார். இப்ப மூணு மணி நேரமா தப்பு பண்றான்."

அப்பா இன்ஷூரன்ஸ்காரர். எதையும் அந்தக் கணக்கில்தான் பார்ப்பார். பையன் வாங்கிய எஃப்.எல். ஸ்டூடியோவைப் பற்றி அவருக்கு மதிப்பு உண்டு. பெல்ஜியத்தில் 1997-ல் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் கிளம்பிய மென்பொருள் அது. ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் அப்டேட் இலவசம். "நல்ல பாலிசிதான்," என்றார். "முதிர்வு எப்போன்னுதான் எவனும் சொல்ல மாட்டேங்கறான்."

தம்பியின் நிஜமான வில்லன் அவனுடைய அறை. பத்தடிக்குப் பத்தடி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் பாதிக்கப்பட்டவன் நான். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். பத்தடி இடைவெளியில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது, விநாடிக்கு 56 தடவை அதிர்கிற ஒலி ஒன்று அறைக்குள் வசமாக மாட்டிக்கொள்ளும். சுவரோரத்தில் கும்மென்று பெருகும். நட்டநடு அறையில் பல்லைக் கடித்துக் காது கொடுத்தாலும் இருக்காது. கிக்கின் உயிரோ அந்த ஐம்பது அறுபதில்தான் இருக்கிறது. தம்பி நாற்காலியை எங்கே போட்டிருந்தான் தெரியுமா? ஃபேனுக்கு நேர் கீழே, நட்டநடுவில். ஓடாத ஃபேன்தான், ஆனாலும் பழக்கம். அங்கே உட்கார்ந்து "கிக்ல வெயிட்டே இல்லையே" என்று ஏற்றுவான். இன்னும் இல்லை என்று இன்னும் ஏற்றுவான். அவன் காதுக்குப் போகாத டும்கள் அத்தனையும் சுவர் வழியாக எங்கள் ஹாலில் வந்து இறங்கின. ஷோகேஸில் தஞ்சாவூர்ப் பொம்மை தலையாட்டியது.

நான் புகார் சொன்னேன். நல்ல பிள்ளை, உடனே வால்யூமைக் குறைத்தான். அதில்தான் நிலைமை மோசமாயிற்று. சத்தம் குறையக் குறைய மனிதக் காது அடித்தட்டு ஒலிகளைத்தான் அதிகமாகத் தவறவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். எனக்காகக் குறைத்தான். குறைத்ததால் பேஸ் கேட்கவில்லை. கேட்காததால் பேஸை மட்டும் ஏற்றினான். ஊறுகாய் ஜாடியை அலமாரியிலிருந்து தரைக்கு மாற்றினோம்.

பிறகு யாரோ சொன்னார்கள் என்று முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டினான். பிரியாணிக் கடையிலிருந்து இரண்டு மூட்டை வந்தது. முட்டை அட்டை மேல்தட்டு ஒலியில் கொஞ்சத்தை உறிஞ்சும். பேஸ் அதை மதிப்பதே இல்லை, வாசலில் கட்டிய கொசுவலையைத் தாண்டும் யானை மாதிரி வந்துகொண்டே இருக்கும். சைவ வீட்டில் முட்டை அட்டையா என்று பாட்டி இரண்டு நாள் பேசவில்லை. பல்லிகள் மட்டும் மனநிறைவோடு குடியேறின.

ஒரு சனிக்கிழமை நான் கண்ணால் பார்த்த காட்சி இது. சாவி வாங்கப் போயிருந்தேன். சமையலறையில் தம்பி குக்கருக்கு நேராகக் கையில் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு, மூச்சுகூட விடாமல் நின்றிருந்தான். விசில் வந்தது. பாதியில் மாடியில் யாரோ மோட்டார் போட்டார்கள்.

"அம்மா, இன்னொண்ணு."

"மூணு ஆச்சுடா. பருப்பு குழைஞ்சிடும்."

"ஒரே ஒண்ணும்மா. டிராப்புக்கு முன்னாடி இதைத்தான் மேல ஏத்தி விடப்போறேன்."

நாலாவது விசிலுக்குக் காக்கை கத்தியது. ஐந்தாவதில் பாட்டி, "இன்னுமா வேகலை?" என்றார். ஆறாவது சுத்தமாக விழுந்தது. அன்று அவர்கள் வீட்டில் சாம்பார் இல்லை, பருப்புப் பாயசம் மாதிரி ஒன்று இருந்தது. அந்த விசிலை அவன் நீட்டி, கவிழ்த்து, எதிரொலி ஏற்றி எனக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினான். சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. இருட்டுச் சுரங்கத்துக்குள் ரயில் வருகிற மாதிரி மயிர்க்கூச்செறிந்தது. இந்தப் பிள்ளைக்குக் காது இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரண்டே நாளில் அதை எடுத்துவிட்டான். "கிக்கோட கலர் ஒத்துப்போகலை அங்கிள்" என்றான். பருப்புக்கு நீதி இல்லை.

சத்தமே ஆகாது என்று ஃபேனை அணைத்தவன், பிறகு காசு கொடுத்துச் சத்தம் வாங்கினான். பழைய டேப்பின் 'உஸ்' ஒலியையும் கீறல் விழுந்த இசைத்தட்டின் 'கிறுக் கிறுக்'கையும் பாட்டுக்கு மேல் தூவுகிற பிளகின்கள் விற்கிறார்கள். அம்மாவால் இதை ஜீரணிக்கவே முடியவில்லை. "இந்த உஸ்ஸு போகணும்னுதானேடா நாங்க ஹெட் க்ளீனர் கேசட் வாங்கினோம்?" என்றார். பாட்டு நகராத மாதங்களில்தான் பிளகின் அதிகம் வாங்குவான் என்பதையும் கவனித்தேன். படிக்காத பிள்ளை பரீட்சைக்கு முந்தின நாள் பேனா வாங்குகிற கதை.

சமாதானத்துக்கு அவனிடம் ஒரு புராணம் உண்டு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-ல் டிபி-303 என்று ஒரு சின்ன வெள்ளிப் பெட்டியைக் கொண்டுவந்தது. பேஸ் கிதார்க்காரர் இல்லாத குறையைத் தீர்க்க வேண்டியது அதன் வேலை. கிதார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. 1984-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடை விலைக்கு வந்த அந்தப் பெட்டியைச் சிகாகோ இளைஞர்கள் எடுத்துத் திருகக் கூடாத அளவுக்குத் திருகியதில் ஆசிட் ஹவுஸ் பிறந்தது. ஃபியூச்சர் என்ற குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' 1987-ல் வந்தது. ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்னாடியே, 1982-ல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் அதே பெட்டியை வைத்துக்கொண்டு டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் வாசித்து ரெக்கார்ட் போட்டார். விற்கவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோதுதான் வெளிநாட்டுக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போது தம்பிக்குக் கண் கலங்கும். "இருபத்தெட்டு வருஷம் அங்கிள்!"

"இருபத்தெட்டு வருஷம் கரண்ட் பில் யார் கட்டினாங்க?" என்று ஹாலிலிருந்து கேட்கும்.

அம்மா தன் பங்குக்கு ஏ.ஆர்.ரஹ்மானைத் துணைக்கு அழைப்பார். 1989-ல் கோடம்பாக்கத்து வீட்டோடு சேர்த்து ஸ்டூடியோ வைத்தார், 1992-ல் 'ரோஜா' வந்துவிட்டது, எல்லாம் ராத்திரி வேலைதான். அப்பாவிடம் அதற்கும் பதில் தயார். "நடுவுல அவர் விளம்பரத்துக்கு மியூசிக் போட்டுச் சம்பாதிச்சார்."

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தக் காலத்து ஒலிப்பதிவில் இசையமைப்பாளர், வாத்தியக்காரர், நடத்துனர், ஒலிப்பதிவாளர் என்று ஆளுக்கொரு வேலை இருந்தது. கால்ஷீட் முடிந்தால் வயலின்காரர் பெட்டியை மூடிவிடுவார். அதற்குள் முடித்தாக வேண்டும். கல்யாணத்தில் தவில்காரருக்கு முகூர்த்தம் இருக்கிறது, தாலி ஏறுகிற நேரத்துக்குக் கெட்டிமேளம் விழுந்தே தீரவேண்டும். தம்பிக்கு எல்லா வேலையும் தன் வேலைதான், பெட்டியை மூடச் சொல்ல ஆள் இல்லை. போதாக்குறைக்கு அண்டூ என்று ஒரு பொத்தான். செய்ததையெல்லாம் செய்யாததாக்கும் வசதியைக் கடவுள்கூடத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

எப்படியோ போன மாதம் ஒன்பதாவது பார் பிறந்தது. தொடர்ந்து பத்தும் பதினொன்றும் மளமளவென்று வந்து மூன்று நிமிஷமாக வளர்ந்து நின்றது. கோப்புக்கு 'ஃபைனல்' என்று பெயர் வைத்தான். அடுத்தது 'ஃபைனல் 2'. அதற்கடுத்தது 'நிஜ ஃபைனல்'. பாட்டு எல்லா இடத்திலும் எடுபடுகிறதா என்று சோதிக்க அப்பாவின் காரில் போட்டுக்கொண்டு குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். தெரிந்த ஆட்டோக்காரரின் ஸ்பீக்கரில் போட்டான். ஆட்டோவில் ஹைஹேட் குத்துகிறது என்று குறைத்தான், காரில் அது காணாமல் போனது. ஸ்பாட்டிஃபைக்கு மைனஸ் பதினாலில் கொடுக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் புலம்பினான். "கண்ணுல இவ்வளவு பவரா!" என்று பாட்டி பதறி, கண் டாக்டரிடம் நேரம் வாங்கச் சொன்னார். அது ஒலி அளவு என்று யாரும் பாட்டிக்குச் சொல்லவில்லை. எப்படியும் அந்தக் கண்ணைக் காட்ட வேண்டியதுதான்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினான். சவரம் செய்திருந்தான். "முடிஞ்சிடுச்சு அங்கிள். நாளைக்குக் காலைல அப்லோட். முதல் ஆளா நீங்க கேக்கணும்" என்று என் போனுக்கு அனுப்பினான்.

சோபாவில் உட்கார்ந்து, போன் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்டோம். ஏதோ மணி ஒலித்தது, காற்று வீசியது, ஒரு பெண் குரல் வார்த்தையில்லாமல் போய் வந்தது. நடுவில் அந்தக் குக்கர் விசில்! திரும்பச் சேர்த்திருக்கிறான். என் மனைவி கைதட்டினாள். பதினாலு மாதமாக நாங்கள் அஸ்திவாரத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறோம், கட்டடத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிரமாதம்ப்பா" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா, அந்த டும் மட்டும் காணோமே?"

போன் ஸ்பீக்கர் நகக்கண் அளவு. 56 அதிர்வையெல்லாம் அதனால் தூக்க முடியாது. எனக்கு அது அப்போது தெரியாது. தம்பியின் முகம் வெளுத்தது. போனை வாங்கிக் காதோரம் வைத்து, இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டான்.

"கரெக்ட் அங்கிள். போன்ல கிக்கே இல்லை. கொஞ்சம் அழுக்கு ஏத்தணும். டிஸ்டார்ஷன் போட்டா மேல்சுரங்கள் வரும், அப்ப சின்ன ஸ்பீக்கர்லயும் இருக்கிற மாதிரி கேக்கும். ஒரு ராத்திரி வேலைதான்."

இது நடந்து பதினோரு நாள் ஆகிறது. இதை எழுதும்போது மணி ராத்திரி பதினொன்றே முக்கால். சுவர் பேசிக்கொண்டிருக்கிறது. என் மனைவி என்னோடு பேசுவதில்லை.